பரீட்சை நாளில் கூட்டம் வைத்தால் பிள்ளைகள் எப்படி வருவார்கள்?

உள்ளாட்சிக் குழுக்களுக்கு இளைஞர்களை அழைக்கிறோம். அவர்களுடைய காலண்டரை யார் பார்ப்பது?

டிசம்பர் 10, காலை 11 மணி. டெல்டா மாவட்டம் ஒன்றில், ஒரு நகராட்சி வார்டின் சமுதாயக் கூடம். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்துக்காக நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இருபத்தைந்தில் ஆள் இருந்தது. முன்வரிசையில் ஓய்வூதியர்கள், நடுவில் சுய உதவிக் குழுப் பெண்கள், ஓரமாக நகராட்சி ஊழியர்கள். குடிநீர், சாக்கடை எல்லாம் பேசி முடித்து, தெருவிளக்குக்கு வந்தார்கள்.

கவுன்சிலர் அம்மா பையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். செப்டம்பர் 15 கூட்டத்தில் மூன்று இளைஞர்கள் தாங்களாகவே பெயர் கொடுத்து, வார்டு முழுக்க விளக்குக் கம்பங்களைக் கணக்கெடுத்த நோட்டு அது. 41 கம்பங்களின் எண்கள் வரிசையாக இருந்தன. ஒன்பது எண்களுக்கு எதிரே சுழி. நான்குக்குப் பெருக்கல் குறி. இரண்டில் மட்டும் ‘தி’ என்று ஓர் எழுத்து.

“இந்தச் சுழி என்னங்க மேடம்? இது என்ன ‘தி’?” என்று கேட்டார் ஒயர்மேன்.

கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. கவுன்சிலர் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். எழுதிய பையனின் அம்மா பேசினார்.

“பரீட்சைக்குப் போயிருக்கான்மா. பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும். போனை வீட்லயே வச்சிட்டுப் போயிட்டான். வந்ததும் பேசச் சொல்லட்டுங்களா?”

“அதுக்குள்ள மீட்டிங் முடிஞ்சிரும்மா.”

நோட்டு மறுபடி பைக்குள் போனது. அந்தப் பையன் பொறியியல் இரண்டாமாண்டு, செமஸ்டர் தேர்வில் இருந்தான். கூட வந்த இன்னொருவர் பி.காம். முடித்தவர், வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மூன்றாமவருக்குச் செல்போன் கடையில் வேலை. பாதி நாள் லீவு கேட்டும் கிடைக்கவில்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறையே கிடையாது” என்றார். அந்த வார்த்தை எனக்கு வலித்தது. ராத்திரி வேளையில் டார்ச் பிடித்துக்கொண்டு 41 கம்பங்களையும் நடந்து பார்த்தவர்கள் அந்தப் பசங்கள்தான்.

கதவு திறந்துதான் இருக்கிறது

வாக்களிக்கும் வயது 21லிருந்து 18 ஆகக் குறைந்தது 1989இல். ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் அரசியல் சாசன அந்தஸ்து கொடுத்த 73, 74ஆவது திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி 21 வயதில் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம். கணிதப் பட்டப்படிப்பு மாணவியான ஆர்யா ராஜேந்திரன் 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மேயரானபோது அவருக்கு வயது 21. சென்னை மாநகராட்சி மேயராக 2022இல் பிரியா பொறுப்பேற்றபோது வயது 28.

தேர்தலில் நிற்காதவர்களுக்கும் இடம் உண்டு. 18 வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கிராம சபையில் எழுந்து பேசலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 4 முறை நடந்த கிராம சபை, 2022இல் 6 முறையானது. நகரங்களில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகளும் அதே ஆண்டில் வந்தன. நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே கலந்துகொண்டார். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு 2024இல் 24 உறுப்பினர்களுடன் மாற்றி அமைக்கப்பட்டபோது, முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது.

ஆக, சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே வருகிற பிள்ளையை எத்தனை நாள் உட்காரச் சொல்கிறோம், எந்த மாதத்தில் கூப்பிடுகிறோம், எத்தனை மணிக்கு என்ற மூன்று கேள்விகளில்தான் சிக்கல்.

பெட்டிச் செய்தி: யாருக்கு எவ்வளவு காலம்?

• ஊராட்சி, நகராட்சி மன்றங்கள்: 5 ஆண்டு.

• தமிழகப் பள்ளி மேலாண்மைக் குழு: 2 ஆண்டு.

• நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.): 2 ஆண்டில் 240 மணி நேரச் சேவை, அத்துடன் 7 நாள் சிறப்பு முகாம். தொடங்கிய நாள் 24 செப்டம்பர் 1969.

• மாநிலங்களவை: ஓர் உறுப்பினருக்கு 6 ஆண்டு. மூன்றில் ஒரு பங்கினர் 2 ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வு பெறுவார்கள். அவை ஒருபோதும் மொத்தமாகக் காலியாவதில்லை.

• சான் பிரான்சிஸ்கோ நகர இளையோர் ஆணையம்: 12 முதல் 23 வயது வரையிலான 17 பேர். பதவிக்காலம் 1 ஆண்டு.

ஒரு வருஷம், இரண்டு காலண்டர்

பதினெட்டு வயதுப் பிள்ளையின் வருஷம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு. மே மாத முதல் ஞாயிறையொட்டி நீட். அப்புறம் கலந்தாய்வு, கட்டணத்துக்கு அலைச்சல். ஜூலை, ஆகஸ்ட்டில் கல்லூரி. பலருக்குப் புது ஊர், புது ஹாஸ்டல். நவம்பர், டிசம்பரில் ஒரு செமஸ்டர் தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் இன்னொன்று. இறுதியாண்டு என்றால் ஆகஸ்ட்டிலிருந்தே கேம்பஸ் இன்டர்வியூ. படிப்பு முடிந்ததும் டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு என்று அடுத்த ஓட்டம்.

இதன் மேல் உள்ளாட்சியின் காலண்டரை வைத்துப் பாருங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில். நகரத்துப் பகுதி சபைக்கு ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 போன்ற நாள்கள். மார்ச் 22, பொதுத்தேர்வுக் காலம். ஏப்ரல் 14, மே 1 இரண்டும் கல்லூரித் தேர்வுகளுக்கு நடுவில். நவம்பர் 1, செமஸ்டரின் வாசல்படி. டிசம்பர் 10, தேர்வு அறைக்குள். நிம்மதியாக வரக்கூடியவை ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மட்டும்தான். செப்டம்பர் 15 பொது விடுமுறை இல்லை. கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணிக்கு. அப்போது வகுப்பில் இரண்டாவது பீரியட் நடக்கும்.

இந்த நாள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமை உண்டு. குடியரசு நாள், தொழிலாளர் நாள், அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள், அண்ணா பிறந்தநாள், மனித உரிமை நாள். மதித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த மதிப்பு அப்படியே இருக்கட்டும். இளைஞர்களுக்காக வேறு சில நாள்களையும் சேர்க்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

பதவிக்காலத்துக்கும் இதே கணக்குதான். 18 வயதில் ஐந்தாண்டுக் குழுவில் சேருகிறவர், அது முடியும்போது 23ஐத் தொடுவார். அந்த ஐந்து வருடத்தில் ஒருவர் வாழும் ஊர் மாறும், படிப்பு முடியும், வேலை வரும், பெண்களில் பலருக்குத் திருமணமும் ஆகும். 45 வயதுக்காரரின் ஐந்தாண்டில் இவ்வளவு திருப்பம் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்க முடியுமா?

படிக்கிறவர் மட்டும்தான் இளைஞரா?

தேசிய இளைஞர் கொள்கை (2014) 15 முதல் 29 வயது வரையிலானவர்களை இளைஞர் என்கிறது. இதில் வேலைக்குப் போகிறவர்களும் ஏராளம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிறது. இரவு ஷிப்ட் முடித்து காலை ஏழு மணிக்கு வீடு வருகிறவருக்கு, 11 மணி என்பது நடுராத்திரி. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர் பாதி நாள் கூட்டத்துக்கு வந்தால், பாதி நாள் கூலி போகும். உணவு டெலிவரி செய்கிற தம்பிக்கு மதியமும் இரவும்தான் சம்பாத்தியம்.

இளம்பெண்களுக்கு இன்னொரு கணக்கு. மாலை ஏழு மணிக்குக் கூட்டம் என்றால் வேலைக்குப் போகும் ஆணுக்கு வசதி. ஆனால் எட்டரைக்கு மேல் இருட்டில் ஒரு பெண் தனியாகத் திரும்ப வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த வசதியும் கடைசி பஸ் புறப்படும் வரைதான். ஆகவே ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியும் கூட்டம், அதுவும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், எத்தனையோ பேரை உள்ளே கொண்டுவரும். மணியைச் சற்று மாற்றுவதற்குப் பைசா செலவில்லை.

காலி நாற்காலியின் விலை

இளைஞர் வராத கூட்டத்தில் முடிவுகள் நிற்பதில்லை, நடக்கத்தான் செய்கின்றன. என்னென்ன முடிவாகின்றன என்பதில்தான் இழப்பு தெரியும்.

முதல் இழப்பு, பார்வை. நூலகம் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும், கல்லூரி பஸ் நிற்கும் இடத்தில் விளக்கு இருக்கிறதா, விளையாட்டு மைதானத்தில் ஏன் எப்போதும் ஜல்லி கொட்டிக் கிடக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பொட்டலம் விற்கிறவன் யார் என்பதெல்லாம் அந்த வயதில் தினம் அந்த வழியே நடப்பவருக்குத் தெரியும். 60 வயதுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்பது அவர் கண்ணில் படாது. அதைச் சொல்லக் கூடத்தில் ஒரு கல்லூரி மாணவி இருக்க வேண்டும்.

இரண்டாவது இழப்பு, பணம். நகராட்சி பட்ஜெட் மார்ச்சுக்குள் நிறைவேற வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு என்ற பேச்சு அதற்கு முந்தைய மாதங்களிலேயே தொடங்கிவிடும். ஊராட்சிகளின் வளர்ச்சித் திட்டத்துக்கான மக்கள் திட்டமிடல் இயக்கம் 2018 முதல் அக்டோபர் 2 அன்று தொடங்குகிறது. ஆக, அக்டோபரில் ஆரம்பித்து ஜனவரி வரைதான் ஓர் ஊரின் அடுத்த வருஷத் தலையெழுத்து எழுதப்படுகிறது. இளைஞரை ஏப்ரலில் குழுவில் சேர்த்தால், பந்தி முடிந்த பிறகு இலை போட்ட மாதிரி. மனுக் கொடுக்கலாம், ‘அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்’ என்ற பதில் கிடைக்கும். அந்த அடுத்த நிதியாண்டு வரும்போது அவர் ஊரில் இருக்க மாட்டார்.

மூன்றாவது இழப்பு, ஞாபகம். அந்தத் தெருவிளக்கு நோட்டுதான் இதற்குச் சாட்சி. எழுதியவர் போய்விட்டால் எழுதியது செத்துவிடுகிறது. எந்த மனு எந்த சீட்டில் நிற்கிறது, எந்தப் பொறியாளர் என்ன வாக்குக் கொடுத்தார், ஒப்பந்ததாரர் ஏன் பாதியில் போனார் என்பதெல்லாம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று முறை முதலிலிருந்து தொடங்கிய குழு நான்காம் முறை ஒன்றுகூடாது.

நான்காவது இழப்புதான் பெரியது. அழைத்தார்கள், போனோம், ஒன்றும் நடக்கவில்லை என்று 19 வயதில் ஒருவர் முடிவுக்கு வந்துவிட்டால், அந்தக் கசப்பு 40 வயதிலும் இருக்கும். ஓட்டுப் போடுவதோடு நம் கடமை முடிந்தது என்று ஒதுங்குகிற நடுத்தர வயதுக்காரர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் ஒரு காலத்தில் ஆர்வத்தோடு பெயர் கொடுத்தவர்களோ?

நாள்காட்டியை மாற்றியவர்கள்

நல்ல முன்னுதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் சேர ஜனவரி 1 அன்று 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஜனவரி 2இல் பிறந்தவர் கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டத் திருத்தத்துக்குப் பின் 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள் வந்துவிட்டன. இவ்வளவு பெரிய நாட்டின் தேர்தல் ஆணையத்தாலேயே இளைஞர்களுக்காகக் காலண்டரைத் திருத்த முடிந்திருக்கிறது. ஒரு வார்டால் முடியாதா?

வெளியே பார்த்தால், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1995இல் வாக்காளர்களே வாக்களித்து நகரச் சாசனத்தில் இளையோர் ஆணையத்தைச் சேர்த்தார்கள். ஓராண்டுப் பதவி என்பதால் பிள்ளைகள் பயமில்லாமல் வருகிறார்கள். அதைவிட முக்கியம், சிறார், இளையோர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நகர மன்றம் இறுதி முடிவெடுக்கும் முன் ஆணையம் கருத்துச் சொல்ல 12 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது சாசனம். குறுகிய காலம் இருந்தாலும் அவர்கள் சொல்லுக்கு எடை இருக்கிறது. பின்லாந்தில் 2015ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியும் இளையோர் மன்றம் அமைத்தாக வேண்டும்.

எப்படி அமைக்கலாம்?

தீர்வுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. வார்டு குழுவும் ஊராட்சியும் தங்களுக்கு உதவியாக இளைஞர் தன்னார்வலர் அணி ஒன்றை அமைத்துக்கொண்டு, ஒரு தீர்மானம் போட்டாலே செய்துவிடக்கூடிய விஷயங்கள் இவை.

பதவிக்காலம் இரண்டு ஆண்டு. பாதிப் பேர் ஒரு ஜூலையில் சேரட்டும், மீதிப் பேர் அடுத்த ஜூலையில். மாநிலங்களவை மாதிரி எப்போதும் பாதி நாற்காலியில் பழகிய ஆள் இருப்பார். ஏன் ஜூலை? தேர்வுகள் முடிந்து, எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்பது அநேகமாகத் தெரிந்திருக்கும். பட்ஜெட் பேச்சு வருவதற்குள் நான்கைந்து மாதம் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மாற்று உறுப்பினர் வேண்டும். ஒருவர் தேர்வுக்குப் போனால் இன்னொருவர் வருவார். இருவரும் ஒரே வகுப்பில் படிக்காதவர்களாக, முடிந்தால் ஒருவர் மாணவர், ஒருவர் வேலைக்குப் போகிறவர் என்று இருந்தால் நாள்கள் மோதாது.

வெளியூர் போகிறவர் பாதியில் விலகுவதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது. ஒரு மாதம் முன்னால் சொல்லி, நோட்டை அடுத்தவரிடம் விளக்கிக் கொடுத்துவிட்டுப் போனால் அது மரியாதையான விடைபெறல். என்.எஸ்.எஸ்.ஸில் மணிக்கணக்குப் பதிவாகிறதே, அதுபோல இங்கே செலவிட்ட மணி நேரத்துக்கும் நகராட்சி முத்திரையோடு ஒரு சான்றிதழ் கொடுக்கலாம். வேலை தேடும் வயதில் அந்தக் காகிதம் அவருக்கு உதவும்.

பெட்டிச் செய்தி: ஒரு மாதிரி ஆண்டு

• ஜூலை: புதியவர் சேர்க்கை. பழையவரோடு ஒரு மாதம் கூடவே நடந்து பழகுதல்.

• ஆகஸ்ட், செப்டம்பர்: வார்டு நடை, கணக்கெடுப்பு. ஆகஸ்ட் 15 கிராம சபையில் முதல் அறிக்கை.

• அக்டோபர்: அக்டோபர் 2 கூட்டத்தில் கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்தல்.

• நவம்பர், டிசம்பர்: தேர்வு ஓய்வு. மாற்று உறுப்பினர் மட்டும்.

• ஜனவரி: பொங்கல் விடுமுறையில் பட்ஜெட் பேச்சு. வெளியூர் போனவர்களும் ஊரில் இருக்கும் நேரம்.

• பிப்ரவரி: கோரிக்கைகள் எந்த நிலையில் உள்ளன என்ற பதில், எழுத்தில்.

• மார்ச் முதல் மே வரை: கூட்டம் இல்லை. அவசரம் என்றால் வாட்ஸ்அப் குழு.

• ஜூன்: நோட்டு ஒப்படைப்பு.

இரண்டு வருஷத்தில் என்ன கற்றுக்கொள்வார்கள்?

இந்த யோசனையையும், கூட்டத்தை ஞாயிறு மாலையில் வைக்கலாம் என்பதையும் சொன்னபோது கேட்ட மறுப்புகளில் நியாயமானவை உண்டு. “ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் ஆளுங்களைக் கூப்பிட்டா எங்க குடும்பத்தை எப்பப் பாக்குறது?” என்றார் ஓர் ஊழியர். சரியான கேள்வி. கிராம சபைக்காகக் குடியரசு நாளிலும் காந்தி ஜெயந்தியிலும் ஏற்கனவே வேலைக்கு வருகிறவர்கள் அவர்கள். ஆண்டுக்கு நான்கு ஞாயிறு மாலை போதும். அதற்கு ஈடுசெய் விடுப்பை அலைக்கழிக்காமல் கொடுக்க வேண்டும். எல்லா அலுவலரும் வரத் தேவையில்லை. குறிப்பெடுத்துப் பதில் சொல்லக்கூடிய ஒருவர் போதும்.

“ரெண்டு வருஷத்துல ஒருத்தன் ஆபீஸ் நடைமுறையைக் கத்துக்கவே முடியாது” என்றார் அனுபவமுள்ள முன்னாள் கவுன்சிலர். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் பாதிப் பாதியாக மாற வேண்டும் என்கிறோம், பழையவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாதத்தைக் காலண்டரிலேயே எழுதி வைக்கச் சொல்கிறோம். வாய்வழியாகப் போவதைவிட நோட்டு வழியாகப் போகும் அறிவு நீண்ட நாள் நிற்கும்.

கட்சிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளையே உட்கார வைத்துவிடுவார்களே என்ற பயமும் உண்டு. விண்ணப்பம் வாங்கி, தகுதியானவர்கள் அதிகமிருந்தால் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி எடுத்தால், அந்தப் பயத்துக்குப் பாதி மருந்து கிடைக்கும். குறுகிய பதவிக்காலமே மீதி மருந்து: இரண்டு வருஷத்துக்கு மேல் யாரும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள முடியாது.

நோட்டு கைமாறிய மாலை

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அந்தக் கவுன்சிலர் அதே சமுதாயக் கூடத்தில் சிறிய கூட்டம் ஒன்றை வைத்தார். விதிப்படியான பகுதி சபை இல்லை அது, அவராகக் கூப்பிட்டது. பொறியியல் பையன் வந்தான். சென்னைக்குப் போனவரும் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்ததால் எட்டிப் பார்த்தார். பக்கத்துத் தெருவிலிருந்து பி.எஸ்சி. முதலாமாண்டு மாணவி ஒருவர் புதிதாக வந்திருந்தார்.

ஒயர்மேன் நோட்டை நீட்டினார். பையன் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தான். சுழி என்றால் பல்பு இல்லை. பெருக்கல் என்றால் பகலிலும் எரிகிறது. ‘தி’ என்றால் ஸ்விட்ச் பெட்டி திறந்து கிடக்கிறது, சின்னப் பிள்ளைக்கும் கை எட்டும்.

கூடம் அமைதியாகிவிட்டது. அந்த இரண்டு பெட்டிகளும் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே திறந்து கிடந்திருக்கின்றன. எழுதி வைத்தும், படிக்க ஆளில்லாமல். ஒயர்மேன் உடனே எழுந்து கருவிப் பையை எடுத்தார்.

பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிகளுக்கெல்லாம் விளக்கம் எழுதி, தேதி போட்டு, அந்த மாணவியிடம் கொடுத்தான். அவர் முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“அண்ணா, இந்த 17ஆம் நம்பர் கம்பம் எந்தத் தெருவுல இருக்கு?”

“வா, இருட்டுறதுக்குள்ள காட்டிட்டு வரேன்” என்று செருப்பை மாட்டினான் அவன்.